மலை மாட்டுக்கு வந்த வைரஸ் எந்த வழியாக வந்தது? மரபணு வரிசை பார்க்க முதல்முறை இறங்குபவருக்கு

என் முதல் ஆறு மாதிரிகளில் நான்கு குப்பைக்குப் போயின. ஒன்றில் வைரஸே இல்லை. ஒன்றை ஹெபாரின் குழாயில் எடுத்திருந்தேன். இரண்டின் மேல் எழுதிய ஊர்ப்பெயர் ஐஸ் தண்ணீரில் கரைந்து நீலக் கறையாகிவிட்டது. தப்பிய இரண்டும் பழுதில்லாத வரிசை தந்தன. ஆனால் எந்த மாடு எந்த நாளில் படுத்தது என்று நான் குறித்துவைக்கவில்லை; அவற்றை வைத்துக்கொண்டு ஒரு வரிகூட எழுத முடியவில்லை. அதற்குள் பதினோராயிரம் ரூபாயும் இரண்டு மாதமும் கரைந்திருந்தன.

கோத்தகிரிப் பக்கம் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். இந்தக் கட்டுரை நீலகிரிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த மருத்துவருக்கும், ஆய்வுக்காக மலையேறும் முதுநிலை மாணவருக்கும் எழுதியது. கோமாரி, தோல் கழலை ஆகிய இரண்டு நோய்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இங்கே நாம் அடிக்கடி பார்ப்பவை அவைதாம்.

1. முதலில் கேள்வியை முடிவு செய்யுங்கள்

கத்தியும் குழாயும் எடுக்கும் முன் ஒரு தாளில் உங்கள் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். "இது என்ன நோய்?" என்பது கேள்வியானால் மரபணு வரிசை தேவையே இல்லை, பிசிஆர் சோதனை போதும். "இது எந்தப் பக்கமிருந்து வந்தது?", "இந்த இரண்டு ஊர்களிலும் இருப்பது ஒரே வைரஸா?" என்பவைதாம் வரிசை பார்க்க வேண்டிய கேள்விகள்.

நோயைப் பொறுத்துக் கேள்வியும் மாறும். கோமாரி வைரஸின் மரபணு ஆர்.என்.ஏ.; ஏறக்குறைய 8,300 எழுத்துகள். தன்னைப் படியெடுக்கும்போது பிழை மேல் பிழை விடும் வைரஸ் இது. பெரும்பாலான ஆய்வகங்கள் இதில் விபி1 என்னும் உறைப்புரதப் பகுதியை மட்டும் படிக்கும். சுமார் 630 எழுத்துகள். அந்தப் பகுதியில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மாற்றம் வரும் என்று வைத்தால், ஓர் ஆண்டுக்கு ஆறு எழுத்து. அதாவது, மூன்று வாரத்துக்குள் ஒரே பள்ளத்தாக்கில் பரவிய நோய்க்கு விபி1 வரிசை எல்லா ஊரிலும் ஒன்றுபோலவே இருக்கும். வைரஸ் எந்தக் கிளையைச் சேர்ந்தது, அண்டை மாநிலத்தில் ஓடுவதோடு ஒத்துப்போகிறதா என்பதை விபி1 சொல்லும். எந்தக் கொட்டகையிலிருந்து எந்தக் கொட்டகைக்குப் போனது என்பதை அது சொல்லாது. அதற்கு முழு மரபணுத் தொகுதி வேண்டும். பிரிட்டனில் 2001 கோமாரியின்போது எடுத்த மாதிரிகளை முழுமையாகப் படித்தபோது, பண்ணைக்குப் பண்ணை தாவலில் சராசரியாக நாலைந்து எழுத்துகள்தாம் மாறியிருந்தன. அந்த நாலைந்தைப் பிடிக்க 8,000 எழுத்துகளையும் படித்தாக வேண்டும்.

தோல் கழலை வைரஸ் வேறு ரகம். இதன் மரபணு டி.என்.ஏ.; சுமார் 1,51,000 எழுத்துகள்; மாறுவதோ ஆமை வேகம். முழுவதும் படித்தாலும் பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு இடையே வித்தியாசம் கிடைக்காமல் போகலாம். ஆனால் இது பழைய ஆப்பிரிக்கக் கிளையா, 2017-இல் ரஷ்யாவில் தெரியவந்ததைப் போலத் தடுப்பூசி வைரஸும் காட்டு வைரஸும் கலந்த கலப்பினமா என்பதை உறுதியாகச் சொல்லிவிடலாம். கழலை நோயை வைத்துக்கொண்டு "யார் மாட்டிலிருந்து யார் மாட்டுக்கு" என்று தேடிப் பணத்தை விடாதீர்கள்.

2. தகவல் சொல்லுங்கள், தாள்களைச் சேருங்கள்

கோமாரி, தோல் கழலை இரண்டுமே 2009-ஆம் ஆண்டின் விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் அட்டவணையில் உள்ளவை. மாட்டுக்காரர் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிலோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 4-ஆவது பிரிவு; அங்கிருந்து தகவல் கால்நடை மருத்துவருக்கு வரும். நடைமுறையில் மக்கள் நேராக நம்மிடமோ 1962 ஆம்புலன்ஸ் எண்ணிலோதான் சொல்கிறார்கள். எப்படி வந்தாலும் உதவி இயக்குநருக்கும் மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கும் அன்றே எழுத்தில் போகட்டும். "வரிசை வந்த பிறகு சேர்த்துச் சொல்லலாம்" என்று தள்ளிப்போட்டால் நீங்கள் ஆய்வாளர் அல்ல, நோயை மறைத்தவர்.

சேர்க்க வேண்டியவை: மாட்டுக்காரரின் கையெழுத்திட்ட சம்மதம், மாதிரி அனுப்பும் படிவம், துறை வழி முகப்புக் கடிதம். ஆய்வுத் திட்டமாக இருந்தால் உங்கள் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல். வெளிநாட்டு ஆய்வகத்துக்கு ஒரு சொட்டுக்கூட நீங்களாக அனுப்ப முடியாது. மத்திய அரசின் அனுமதிகள் வேண்டும், பல்லுயிர்ச் சட்டமும் குறுக்கே வரும். அந்த எண்ணமே வேண்டாம் என்பது என் கருத்து. நம் நாட்டிலேயே கோமாரிக்கு ஒடிசாவில் புவனேசுவரம் அருகே அருகுலில் தேசிய நிறுவனம் இருக்கிறது; மற்றவற்றுக்குப் போபாலில் உயர் பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனம் இருக்கிறது. 2019-இல் ஒடிசாவில் வந்த தோல் கழலையை உறுதிசெய்தது போபால்தான்.

நீலகிரிக்கே உரிய ஒரு பொறி: காட்டெருமை. தேயிலைத் தோட்ட ஓரத்தில் ஒன்று வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடக்கும். ஊரே உங்களைக் கூப்பிடும். தொடாதீர்கள். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை விலங்கு. வனத்துறை வந்து, அவர்கள் முன்னிலையில், அவர்கள் அனுமதியோடுதான் எதுவும். தோடர் குடியிருப்புகளான மந்துகளிலும் கேட்காமல் கால் வைக்க வேண்டாம். எருமைகளில் எவை கோயிலுக்கு உரியவை, யார் தொடலாம் என்று பெரியவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஊசி. அரை மணி நேரம் பேச்சில் போகும். அதையும் உங்கள் நேரக் கணக்கில் சேருங்கள்.

3. மாதிரி எடுப்பது

கோமாரிக்குச் சிறந்த மாதிரி, கொப்புளம் வெடித்த முதல் இரண்டு மூன்று நாள்களுக்குள் எடுக்கும் நாக்குத் தோல். நான் பார்த்ததைச் சொல்கிறேன். விடியற்காலை ஆறு மணி, ஜெர்சிக் கலப்புப் பசு, வாயிலிருந்து கயிறுபோல எச்சில். உதவியாளர் மூக்கணாங்கயிற்றைப் பிடிக்க, நான் துணியால் நாக்கைப் பற்றி வெளியே இழுத்தேன். வெந்த பாலின் ஆடைபோல ஒரு வெண்தோல் நாக்கின் மேல் தளர்ந்து கிடந்தது. இடுக்கியால் ஓரத்தைப் பிடித்ததும் உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே கையோடு வந்தது. அடியில் செக்கச்செவேலென்று சதை. ஒரு கிராம் போதும், ஒரு சிறுநெல்லி அளவு. மாட்டுக்கு வலிக்கும், ஆகவே ஒட்டியிருப்பதைப் பிய்க்காதீர்கள். தளர்ந்ததை மட்டும் எடுங்கள்.

எடுத்ததைக் கிளிசரினும் பாஸ்பேட் கரைசலும் சம அளவு கலந்த குழாயில் போட வேண்டும். கார அமில அளவு 7.2 முதல் 7.6 வரை இருக்கட்டும். இந்த வைரஸுக்கு அமிலம் ஆகாது. 6-க்குக் கீழே போனால் செத்துவிடும். பழைய கரைசல் புட்டியை நம்பாதீர்கள், புதிதாகக் கலந்து தாளால் சோதித்த பிறகே கிளம்புங்கள். இன்னொன்று: வாயைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டாலோ வேறு மருந்தாலோ கழுவிய பிறகு மாதிரி எடுக்காதீர்கள். முதலுதவி என்று மாட்டுக்காரர் முன்பே கழுவியிருப்பார், கேளுங்கள். நம் பங்குக்கு வெறும் தண்ணீர் போதும். ஃபார்மலினில் போட்டால் கதை முடிந்தது.

கொப்புளம் ஆறிப்போன மாட்டில் இரத்தம் எடுத்துப் பிசிஆருக்கு அனுப்புவது வீண். தொண்டைத் திரவத்தில் வைரஸ் நெடுநாள் தங்கும், ஆனால் அதை எடுக்க நீண்ட கம்பியும் கிண்ணமும் கொண்ட தனிக்கருவியும் பழகிய கையும் வேண்டும். கன்று திடீரென்று செத்தால் இதயத் தசையில் ஒரு துண்டு எடுங்கள். அதில் புலி வரிபோல வெளிறிய கோடுகள் தெரியும். கன்றுகளைக் கோமாரி கொல்வது இதயத்தில்தான்.

தோல் கழலைக்கு வேலை எளிது. காய்ந்த கழலைப் பொருக்கை எடுத்து உலர்ந்த மலட்டுக் குழாயில் போட்டால் போதும், கரைசல் வேண்டாம். பொருக்கில் வைரஸ் வாரக்கணக்கில் தாங்கும், அளவும் மிகுதி. இரத்தம் எடுப்பதானால் ஊதா மூடியிட்ட ஈ.டி.டி.ஏ. குழாய். பச்சை மூடி ஹெபாரின் குழாய் பிசிஆரைத் தடுக்கும். என் ஆறில் ஒன்று போனது அப்படித்தான்.

தடுப்பூசி விஷயத்தில் ஒரு குழப்பம் வரும். நம் நாட்டில் கழலை நோய்க்கு ஆட்டம்மைத் தடுப்பூசி போட்டு வந்தார்கள். அது உயிருள்ள வைரஸ். ஊசி போட்ட சில நாளில் வீங்கிய இடத்திலிருந்து எடுத்தால் ஆட்டம்மை வைரஸின் வரிசை வரும், நீங்கள் புதுக் கண்டுபிடிப்பு என்று துள்ளுவீர்கள். ஊசி போட்ட தேதியைக் கேட்டால் துள்ளல் அடங்கும். கோமாரித் தடுப்பூசி செயலிழக்கச் செய்த வைரஸ் என்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

வெளியே வரும்போது 4 சதவீதச் சலவை சோடாக் கரைசலில் பூட்ஸைக் கழுவுங்கள். மளிகைக் கடையிலேயே கிடைக்கும், கோமாரி வைரஸுக்கு அது எமன். கொப்புளம் தொட்ட நாளில் நோயில்லாத கொட்டகைக்குப் போகாதீர்கள். வைரஸின் வழித்தடத்தைத் தேடிக் கிளம்பியவரே வழித்தடமாகிவிடக் கூடாது.

4. சீட்டு

இதற்குத்தான் நான் அதிகம் அழுதேன். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு சீட்டு; பென்சிலிலோ அழியாத மையிலோ எழுதுங்கள், பேனா மை ஐஸில் நிற்காது. அதில் இருக்க வேண்டியவை: காது வில்லையின் 12 இலக்க எண், ஊர், மாதிரி எடுத்த தேதி, முதல் அறிகுறி தெரிந்த தேதி, கடைசித் தடுப்பூசித் தேதி, வயது, கலப்பினமா நாட்டு மாடா. காது வில்லை எண்ணைப் பார்த்து எழுதாமல் படமெடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டில் ஓர் இலக்கம் கட்டாயம் தவறும்.

இதோடு முடியவில்லை. கடந்த ஒரு மாதத்தில் இந்தக் கொட்டகைக்குள் யார் வந்தார், எந்த மாடு வந்தது, எந்த மாடு போனது என்று கேட்க வேண்டும். தரகர், சினை ஊசி போட்டவர், பால் வண்டி, தீவனம் இறக்கிய லாரி, கல்யாணத்துக்கு வந்த உறவினர். பொள்ளாச்சிச் சந்தையில் பிடித்ததா, கூடலூர் வழியாகக் குண்டலுப்பேட்டையிலிருந்து ஏறியதா, சுல்தான் பத்தேரிப் பக்கத்து மாடா? மூன்று மாநிலம் சந்திக்கும் கூடலூர், பந்தலூர் பகுதியில் இந்தக் கேள்விதான் பாதி விடை.

ஒரு பாட்டி வீட்டில் இப்படிக் கேட்டுக்கொண்டே நின்றேன். "மாடு நிற்க முடியாமல் நிற்கிறது, நீ தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாயே, தம்பி" என்றார். நியாயம்தான். அன்றிலிருந்து முதலில் மாட்டுக்கு மருந்து (வாய் கழுவும் மருந்து மட்டும் மாதிரிக்குப் பின்), பிறகு மாதிரி, அதன் பிறகு திண்ணையில் உட்கார்ந்து தேநீரோடு கேள்வி என்று வரிசையை மாற்றிக்கொண்டேன். தேநீர்க் கேள்வியில்தான் உண்மை வருகிறது. கொட்டகையில் நின்று கேட்டபோது "புது மாடே வாங்கவில்லை" என்றவர், திண்ணையில், மருமகன் வீட்டிலிருந்து பத்து நாளுக்கு முன் வந்த கிடாரியைப் பற்றிச் சொன்னார்.

5. மலையிலிருந்து இறக்குவது

ஊட்டிக் குளிர் குளிர்சாதனப் பெட்டி ஆகாது. இரவில் உறைபனி விழுந்த அதே ஜன்னலில் பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும். பிறகு அதே பெட்டி இரண்டு மணி நேரத்தில் மேட்டுப்பாளையம் வெக்கையில் நிற்கும். எடுத்த நிமிடத்திலிருந்து 4 டிகிரி, ஆய்வகம் சேரும்வரை 4 டிகிரி. வீட்டு ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்து, கரைந்து, மறுபடி உறையவிட்டால் ஆர்.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும். இரண்டு நாளில் அனுப்பிவிட முடியுமென்றால் உறைய வைக்கவே வேண்டாம்.

பொதிவு மூன்று அடுக்கு. குழாய், அதைச் சுற்றி உள்ளே இருக்கும் திரவம் முழுவதையும் உறிஞ்சும் அளவுக்குப் பஞ்சு, கசியாத இரண்டாவது டப்பா, அதன் வெளியே ஐஸ் பேக், கடைசியில் கெட்டியான வெளிப்பெட்டி. நோயறியும் மாதிரிக்கு யுஎன் 3373 என்ற சாய்சதுரக் குறி ஒட்ட வேண்டும். தாள்களைத் தனி உறையில், ஐஸுக்கு வெளியே வையுங்கள். உலர்பனி வைத்தால் பெட்டியைக் காற்றுப் புகாமல் டேப் சுற்றாதீர்கள். வாயு சேர்ந்து வெடிக்கும்.

ஐஸ் பேக் தீர்ந்துபோன ஒரு நாள் தண்ணீர் பாட்டிலை உறையவைத்து அடுக்கிக்கொண்டு போனேன். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை என்பது அவசரத்தில் மறந்துவிட்டது. சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே மாட்டு நாக்குத் தோல் என்றதும் இரண்டடி பின்னால் போனார்கள், ஆனால் பாட்டிலை எடுத்துவிட்டுத்தான் விட்டார்கள். ஐஸ் பேக்குகளை எண்ணி வையுங்கள்.

கூரியர்க்காரர் பலரும் இந்தப் பெட்டியை வாங்க மாட்டார்கள். ஆள் மூலம் அனுப்புவதே மலையில் நடக்கும் காரியம். பெங்களூருக்கு என்றால் முதுமலை, பந்திப்பூர் வழியில் இரவு 9 மணி முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை இருப்பதை நினைவில் வையுங்கள். காலை ஏழு மணிக்குள் ஊட்டியை விட்டால் பகலிலேயே சேரலாம். வெள்ளிக்கிழமை அனுப்பாதீர்கள். சனி ஞாயிறு பெட்டி வாயிற்காவலர் மேசையடியில் கிடக்கும். யாரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. திங்கள் அல்லது செவ்வாய், அதுவும் அங்கே வாங்கிக்கொள்பவரிடம் பேசிவிட்டு. ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிச் சாலைகளில் மண் சரியும். ஒரு நாள் கூடுதலாகத் தாங்கும் அளவுக்கு ஐஸ் வையுங்கள்.

6. ஆய்வகத்தில் எதைக் கேட்பது, எவ்வளவு ஆகும்

துறை வழியாக நோய் உறுதிசெய்ய அனுப்பும் மாதிரிக்கு எங்களிடம் யாரும் பணம் கேட்டதில்லை; காலம்தான் விலை. முடிவு வர எனக்கு மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம்வரை ஆகியிருக்கிறது.

தனியாரிடம் கொடுப்பதானால் எங்கள் பில்லை வைத்துச் சொல்கிறேன்; உங்கள் ஊரில் மாறும். விபி1 பகுதியைச் சாங்கர் முறையில் படிக்க ஓர் ஓட்டத்துக்கு 450 ரூபாய். இரண்டு பக்கமும் படிக்க வேண்டும் என்பதால் மாதிரிக்கு இரண்டு ஓட்டம். அதற்கு முன் ஆர்.என்.ஏ. பிரிப்பு, பிசிஆர், சுத்திகரிப்பு; எல்லாம் சேர்ந்து வரியோடு மாதிரிக்கு ஏறக்குறைய 1,800 வந்தது. முழு மரபணுத் தொகுதிக்கு வந்த விலைப்புள்ளிகள் மாதிரிக்கு 8,500 முதல் 14,000 வரை. குறைந்தது எட்டு மாதிரி இருந்தால்தான் ஓட்டுவோம் என்றார்கள்.

முழுத் தொகுதிக்கு அனுப்பும் முன் பிசிஆரின் சிடி மதிப்பைக் கேளுங்கள்; அது குறையக் குறைய மாதிரியில் வைரஸ் அதிகம் என்று பொருள். 25-க்குக் கீழே இருந்தால் தைரியமாகக் கொடுங்கள். 30-ஐத் தாண்டினால் பணத்தைச் சேமியுங்கள். அதில் இருப்பதெல்லாம் மாட்டின் மரபணுதான். மாட்டின் தொகுதி 270 கோடி எழுத்து, அந்தக் கூட்டத்தில் வைரஸைத் தேடுவது திருவிழாவில் தொலைத்த மூக்குத்தி. கோமாரி வைரஸின் முன்பகுதியில் சி என்ற ஒரே எழுத்து நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்கும் ஓரிடம் உண்டு. அங்கே எந்தக் கருவியும் தடுமாறும். அந்த இடத்தில் ஓட்டை என்று ஆய்வகத்தோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

வரிசை படிக்கும் கையடக்க நானோபோர் கருவி வாங்கலாமே என்று எல்லாரும் ஒரு கட்டத்தில் கேட்பார்கள். கருவி சட்டைப்பையில் அடங்கும், அதன் செலவு அடங்காது. உள்ளே போடும் செல்லுக்குக் காலாவதித் தேதி உண்டு, அதற்கும் குளிர்பதனம் வேண்டும். மாதத்துக்கு இரண்டு மாதிரி வரும் மருந்தகத்துக்கு அது தேவையில்லை.

கோமாரி வைரஸை நீங்களே வளர்த்துப் பார்க்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். உயிருள்ள அந்த வைரஸைக் கையாள உயர் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும்.

7. வரிசை வந்த பிறகு

மின்னஞ்சலில் எழுத்துக் கோப்பு வரும். பொதுத் தரவகத்திலிருந்து ஒத்த வரிசைகளை எடுத்து, மாஃப்ட் என்னும் மென்பொருள் கொண்டு அடுக்கி, ஐகியூ-ட்ரீ என்னும் மென்பொருள் கொண்டு கிளை மரம் வரையலாம். இரண்டும் இலவசம், சாதாரண மடிக்கணினி போதும். செய்முறை எல்லா இடத்திலும் கிடைக்கும். படிப்பதில்தான் வழுக்கும்.

முதல் வழுக்கல்: "என் வரிசைக்கு மிக நெருக்கமானது கர்நாடகத்து மாதிரி, ஆகவே நோய் கர்நாடகத்திலிருந்து வந்தது." கர்நாடகத்தார் நிறையப் பதிவேற்றியிருக்கிறார்கள், பக்கத்து ஊர்க்காரர் ஒன்றுகூடப் பதிவேற்றவில்லை என்பதற்கும் அதே மரம்தான் வரும். யார் அதிகம் பார்த்தார்களோ அவர்கள் பக்கம்தான் மரம் சாயும்.

இரண்டாவது: இரண்டு கொட்டகையிலும் ஒரே வரிசை என்றால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனது என்று பொருளில்லை. மூன்றாவது இடத்திலிருந்து இரண்டுக்கும் வந்திருக்கலாம். ஒன்றிலிருந்து போயிருந்தாலும் எதிலிருந்து எதற்கு என்ற திசையை வரிசை மட்டும் சொல்லாது. அறிகுறி தொடங்கிய தேதியும் மாடு நகர்ந்த விவரமும் சேர்ந்தால்தான் திசை வரும். 4-ஆம் பகுதியின் சீட்டு இங்கேதான் வேலைக்கு வருகிறது.

இதில் நான் ஒரு வீட்டையே பகைத்துக்கொண்டேன். விபி1 வரிசை இரண்டு ஊரிலும் ஒன்று என்று கண்டதும், தேநீர்க் கடையில் வாய் தவறி, மேலூர்க்காரர் ஒருவர் வாங்கிவந்த மாட்டிலிருந்துதான் வந்திருக்கும் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் சங்கத்தில் அவர் பாலை ஊற்றவிடாமல் இரண்டு பேர் தடுத்தார்கள். முழுத் தொகுதி வந்தபோது, அவர் மாட்டு வைரஸில் இருந்த மூன்று மாற்றங்கள் மற்ற எவற்றிலும் இல்லை. அவர் கிளையின் நுனியில் இருந்தார், அடியில் இல்லை. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். காபி கொடுத்தார், பேசவில்லை.

ஆகவே, அறிக்கை முடியும்வரை ஊர்ப்பெயர் எதையும் வெளியே சொல்லாதீர்கள். அறிக்கையில் கொட்டகைகளுக்கு எண் கொடுங்கள். முடிவை முதலில் உதவி இயக்குநருக்கும், பிறகு சம்பந்தப்பட்ட மாட்டுக்காரருக்கும் அவர் வீட்டிலேயே சொல்லுங்கள்.

8. பதிவேற்றுவது

துறை ஒப்புதலுக்குப் பின் ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் பதிவேற்றலாம். 2022 முதல் இயங்குகிறது. மாவட்டமும் மாதமும் கொடுங்கள், கொட்டகையின் துல்லிய இருப்பிடப் புள்ளி வேண்டாம். காது வில்லை எண்ணையும் நீக்கிவிடுங்கள். கட்டுரை எழுதினால், நாக்கைப் பிடித்த உதவியாளரின் பெயரையும் அவரைக் கேட்டுச் சேருங்கள். கோப்புப் பெயரில் தமிழ் எழுத்தும் இடைவெளியும் இருக்கக் கூடாது. என் கோப்பு இரண்டு முறை திரும்பி வந்தது அதனால்தான்.